சிலுவை மறைகிற இடம்

புன்னைக்காயலுக்கு நேர் கிழக்கே, மாதா கோயில் சிலுவை கண்ணுக்கு மறைகிற இடத்தில், கடலடியில் சங்குகள் மேய்கிற ஒரு பாறைத்திட்டு, நாங்கள் பார் என்போம், இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?

லடாக்கிலிருந்து வந்த அந்த அம்மா கேட்டது அப்படி ஒரு பாரைத்தான்.

மழித்த தலை, கருஞ்சிவப்புத் துணி. புத்த பிக்குணி. தூத்துக்குடிக் கரையில் கடலைக் கண்டதும், வலைகளுக்கும் டீசல் கேன்களுக்கும் நடுவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மயக்கம் என்று நினைத்து என் வள்ளத்துக் கூட்டாளி இஞ்ஞாசி ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டான்.

அவர் சிரித்தார். எழுந்து, மறுபடியும் விழுந்து கும்பிட்டார்.

கப்பலில் வேலை பார்த்தபோது கற்ற இந்தியில் நான்தான் பேசினேன். புத்தர் பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற கயை, முதலில் போதித்த சாரநாத், கண்மூடிய குசிநகரம் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறாராம். இது ஐந்தாவது தலமாம்.

நாங்கள் மீன்கழிவு கொட்டுகிற கடல்.

துணிப்பொதியை அவிழ்த்தார். கரையே நெருங்கி வந்தது. வலம்புரி.

கயையில் போதி மரத்தடியில் விடியும்போது ஊதிய சங்கு. இவருடைய குரு ஊதினார், குருவின் குரு ஊதினார். தெற்கே முத்து விளையும் கடலிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறார்கள். இப்போது விரிசல் விழுந்து ஓசை போய்விட்டது. பிறந்த இடத்தில் வைக்கவேண்டுமாம். எறியக்கூடாது. வைக்கவேண்டும்.

இஞ்ஞாசி சங்கு குளிப்பவன். லட்சம் சங்கில் ஒன்றுதான் வலம் சுழியும். விரிசல் விழுந்தாலும் வலம்புரி வலம்புரிதான். ஒன்று கிடைத்தால் அதோடு குளிப்பதை நிறுத்திவிடுவதாகக் கல்யாணத்தன்று பிளாரன்ஸுக்கு வாக்குக் கொடுத்தவன். இன்னும் குளித்துக்கொண்டிருந்தான்.

வள்ளத்தில் சங்கை அவன் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சங்கைப் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு குதித்தான்.

நான் காற்றுக்குழாயைப் பிடித்திருந்தேன். குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டே இருந்தன. அடியில் எத்தனையோ பொந்து. ஒன்றில் ஒளித்துவிட்டுப் பிறகு வந்து எடுத்தால் யாருக்குத் தெரியும்? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

மேலே வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

“வச்சிட்டியாலே?”

“சுத்தி அம்புட்டும் சங்குல. குஞ்சும் குருமானுமா. நடுவுல அது போயி உக்காந்துட்டு. நான் முட்டங்கால் போட்டுட்டேம்ல.”

சாயங்காலத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. கைக்கு வந்த வலம்புரியைக் கடலுக்கே கொடுத்த மடையன் என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே டீசல் நிரப்பினார்கள். இடத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். பிளாரன்ஸ் சோறு வைத்தாள்.

மறுநாள் காலை எல்லா வள்ளங்களும் எங்கள் பின்னால் வந்தன. புன்னைக்காயலுக்கு நேர் கிழக்கே, சிலுவை மறைகிற இடத்தில் இஞ்ஞாசி கையைக் காட்டினான். முந்தின நாள் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் நங்கூரத்தைப் போட்டேன்.