நாலாம் மேசை ஸ்பிரிங்

நாலாம் மேசைக்கு மேலே மறுபடியும் மஞ்சள் விளக்கு எரிந்தது. சாமான் தீர்ந்துவிட்டது, உடனே கொண்டு வா என்று அதற்கு அர்த்தம். இப்போதுதான் அவன் அந்த மேசைக்கு ஒரு பெட்டி நிறைய ஸ்பிரிங் வைத்துவிட்டு வந்திருந்தான். அதற்குள் எப்படித் தீரும்? ஸ்பிரிங்கைத் தின்றா தொலைக்கிறார்கள்?

சுவிட்ச் பூட்டும் தொழிற்சாலையில் மேசை மேசையாகச் சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி அவனுடையது. வழக்கமான சுற்றில் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. மேசைகளை மறைத்து நிற்கும் சாமான் தட்டுகளின் பின்பக்கமாகப் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். விளக்கு எரிந்தால் மட்டும் முன்பக்கம் போய்க் கையில் கொடுக்க வேண்டும்.

கொடுத்துவிட்டுத் திரும்பியவனை சூப்பர்வைசர் ஓரமாகக் கூப்பிட்டார். நாலாம் மேசை இன்னொரு தடவை நின்றால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன், நீ வீட்டுக்குக் கிளம்பலாம் என்றார்.

அந்த வேறு ஆள் யார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அவன் அக்கா புருஷன்தான். இந்த வேலைக்கு அவரும் மனுப் போட்டிருந்தார், கிடைத்தது மைத்துனனுக்கு. அன்று முறைத்துக்கொண்டவர்தான், இரு வீட்டுக்கும் போக்குவரத்தே நின்று போயிற்று. நாலாம் மேசையில் உட்கார்ந்து ஸ்பிரிங் மாட்டுகிறவள் அந்த அக்காதான்.

போன வாரம் காய்ச்சலில் அவன் படுத்திருந்தபோது வேறொருவன் வண்டி தள்ளினான். அந்த வாரம் முழுக்க நாலாம் மேசை விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லையாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறாளே!

அடுத்த சுற்றில் பெட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு, போவதுபோல் போக்குக் காட்டி, தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். பெட்டியைத் தூக்கி, ஸ்பிரிங் அத்தனையையும் மேசை இழுப்பறைக்குள் கொட்டி மூடினாள். அவள் கை விளக்குப் பொத்தானுக்குப் போனது.

ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மறு கையால் இழுப்பறையை இழுத்தான். உள்ளே ஸ்பிரிங் குவிந்து கிடந்தது.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டு மாமாவுக்கு வண்டிய வாங்கிக் குடுக்கப் பாக்கிறியா?" அடிக்குரலில் கேட்டான். "இன்னொரு தடவ இது எரிஞ்சா எனக்கு வேலை இல்ல. சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. சத்தியமாக அது தனக்குத் தெரியாது என்றாள். மாமாவுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்து, அவர் இந்த வண்டியை மறந்தே போய்விட்டாராம்.

"அப்புறம் எதுக்கு இந்த வேலை பண்ற?"

பிடித்த கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் இளைத்துப் போயிருந்த அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்குப் போட்டாத்தானேடா நீ முன்னால வர்ற."