சந்தேகம் தீர வேண்டாமா?

"இந்த பெல்ட்டும் ஒத்து வரலம்மா. கரண்ட் பெல்ட் வெச்சிருக்கீங்களாமே, அதைக் குடு."

வேன்காரர் முள்பட்டையை மேஜைமேல் போட்ட சத்தத்தில் கடைப்பெண் ஓரடி பின்வாங்கினாள். நாய், பூனைகளுக்கான சாமான்கள் விற்கும் சின்னக் கடை அது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வேறு யாரும் இல்லை.

வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு அவருக்கு. குரல் இன்று கரகரவென்று வந்தது. போன வாரம் சுருக்குச் சங்கிலி வாங்கிப் போனார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த முள்பட்டையை எடுத்துப் போனார். உட்பக்கம் முழுக்க இரும்பு முனைகள். கயிற்றை இழுக்க இழுக்கக் கழுத்தில் அழுந்தும்.

அன்றைக்கே அவள் சொல்லிப் பார்த்தாள். மார்பைச் சுற்றி மாட்டுகிற துணிப்பட்டை போதும். நாய் இழுத்தால் நீங்கள் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் ஒரு பிஸ்கட் கொடுத்து நடங்கள். தானாகப் பழகிவிடும் என்று. சொன்னது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது?

இப்போது முள்பட்டையைத் தொடக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

"காயம்... எதுவும் பட்டுச்சா?"

"படாம? கழுத்தைச் சுத்திப் பொட்டுப் பொட்டா."

"கத்துச்சா?"

"கத்தாம? பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க."

"உடனே கழட்டிட்டீங்கல்ல?"

"எங்க! எம் பொண்ணு கயித்தை விட்டாத்தானே? அவளுக்கு ஒரே சிரிப்பு. அதுக்கப்புறம் சோறு முழுங்க முடியல. ராத்திரி வெறும் கஞ்சிதான்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

"மறுபடியும் போட்டீங்களா?"

"இன்னொரு தடவை. சந்தேகம் தீர வேண்டாமா?"

பொத்தானை அழுத்தினால் கழுத்தில் ஷாக் அடிக்கும் அந்தப் பெல்ட்டின் பெட்டி கண்ணாடி அலமாரியில் இருந்தது. அவள் மெல்ல நகர்ந்து அதை மறைத்து நின்றாள்.

"கரண்ட் பெல்ட் ஸ்டாக் இல்லைங்க."

"உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கறது என்ன, தீப்பெட்டியா?"

வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினால் நீயும் அவர் பின்னாலேயே போய்விடு என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். வேலை போனால் போகட்டும். இந்தப் பெட்டி இன்று இவர் கையில் போனால், பெயர்கூடத் தெரியாத ஒரு நாய் இன்று மாலை துடிக்கும்.

"அண்ணா... இதை நான் விக்க மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது. அவர் முகம் கறுத்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இங்க பாரும்மா. இது இல்லாம நான் வீட்டுக்குள்ள கால் வெக்க முடியாது."

"நாய் எங்க?"

"வேன்ல தூங்குது. அதை எதுக்குக் கேக்கறே?"

தூக்கமா, மயக்கமா? அவர் கைக்கடியில் புகுந்து வெளியே ஓடினாள்.

"ஏய்! கதவைத் திறக்காதே!"

வேனின் பின்கதவைத் திறந்தாள். பழைய போர்வையின் மேல் ஒரு பழுப்பு உருவம் அசையாமல் கிடந்தது. விரல்களை அதன் கழுத்து ரோமத்துக்குள் விட்டுத் தடவினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தாடைக்கு அடியில். வீக்கம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. நாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, அவள் மணிக்கட்டை நக்கியது.

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவள் நாயை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"எழுப்பிட்டியா? இனி தெரு முழுக்க வம்புக்கு இழுக்கும்."

"இதுக்கு... காயமே இல்லையே!"

"இதுக்கு எப்படிம்மா காயம் படும்?" என்றார் அவர். "எங்க வீட்டுல மச்சான் வெச்சதுதான் சட்டம். 'முள்ளெல்லாம் நாய்க்கு வலிக்காது, மாட்டு'ங்கறார். இப்ப, 'கரண்ட்டும் வலிக்காது, வாங்கிட்டு வா'ங்கறார்."

அவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசையாய்ச் சிவப்புப் பொட்டுகள்.

"நாம போட்டுப் பாக்காம, வாயில்லா ஜீவனுக்கு எப்படிம்மா மாட்டறது?"