கையால் பதிவு

"மேஜை ஓரத்துல என்ன இருக்கு, பாருங்க சார்" என்றார் மேனேஜர் ஜோசப்ராஜ், குரலைத் தாழ்த்தி.

வெங்கட்ராகவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். குந்தவையின் மேஜையில் ஒரு பூவன் வாழைத்தார்.

"விவசாயி கொண்டுவந்து வச்சுட்டுப் போறான். சும்மா வைப்பானா?"

அந்தத் தாரிலிருந்து ஒரு சீப்பு மேனேஜரின் ஸ்கூட்டரில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அது வேறு விஷயம்.

திருவையாறு பக்கம் ஒரு ரைஸ் மில் அது. நெல்லில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். குந்தவை ஒரு பிடி நெல்லை ஈரம் பார்க்கும் மெஷினில் போடுவாள். மெஷின் யு.எஸ்.பி. வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி அனுப்பும். முதலில் ஓர் எழுத்து, பின்னால் ஓர் எண். அந்த எண்ணைப் பிரித்தெடுத்து ‘எடு’ அல்லது ‘திருப்பு’ என்று திரையில் காட்டுகிற டிரைவர் புரோகிராமை எழுதியவர் தஞ்சாவூர் வெங்கட்ராகவன். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மெஷின் மக்கர் பண்ணினால் உதவட்டும் என்று ‘கையால் பதிவு’ என ஒரு பட்டனும் வைத்திருந்தார். அதுதான் வம்பாகிவிட்டது.

"போன வாரம் மட்டும் நாப்பத்தோரு தடவை அந்தப் பட்டனை அமுக்கியிருக்கா. கம்ப்யூட்டர் திருப்புன்னு சொல்லுது, இவ பதினேழுக்குக் கீழ ஒரு நம்பரை அடிச்சு உள்ள விடறா. வேலையை விட்டு நிறுத்தற லெட்டர் ரெடி. நீங்க ரிப்போர்ட் குடுத்தா இன்னிக்கே கையில குடுத்துடுவேன்."

"சாயங்காலத்துக்குள்ள புடிச்சுத் தரேன் சார்."

வயரை செக் பண்ண வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வயரில் வருகிற ஒவ்வோர் எழுத்தும் தன் லேப்டாப்பிலும் விழும்படி கமுக்கமாக ஏற்பாடு செய்துகொண்டார். திருடியின் பக்கத்திலேயே உட்கார்ந்து திருட்டைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

பெரியநாயகசாமி என்ற விவசாயி முறத்தில் நெல்லோடு வந்தார். "காலையிலேருந்து ரோட்டுல காய வச்சதும்மா. இதையும் திருப்பிட்டீங்கன்னா ட்ராக்டர் வாடகைக்கே நான் எங்க போறது?"

குந்தவை ஒரு பிடி அள்ளிப் போட்டாள். திரையில் 18.1. ‘திருப்பு.’

பெரியவர் முகம் தொங்கிப்போயிற்று.

"இருங்கய்யா" என்றாள் குந்தவை. மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பட்டனை அமுக்கி 16.7 என்று அடித்தாள். "மூட்டையை இறக்கச் சொல்லுங்க."

மாட்டினாள்! வெங்கட்ராகவன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார்.

அதில் இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் 18.1. பன்னிரண்டு விநாடி கழித்து, வேறோர் எழுத்தோடு இன்னொரு வரி. அதில் 16.7.

அடுத்த ஆளுக்கும் அப்படித்தான். அதற்கடுத்த ஆளுக்கும் அப்படித்தான். குந்தவை அடித்தது ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரியில் இருந்த எண்.

"ஏம்மா, ரெண்டாவதா ஒரு நம்பர் வருதே, அது என்ன?"

"நெல்லு வெயில்லேருந்து சுடச்சுட வருது சார். சூட்டுல ஈரம் கூடுதலாத்தான் காட்டும். மெஷினே சூட்டைப் பாத்துக் கழிச்சுட்டு, அப்புறம் தன்னோட சின்னத் திரையில சரியானதைக் காட்டுது. கம்ப்யூட்டர்தான் அதுவரைக்கும் பொறுக்காம திருப்பிடுது."

வெங்கட்ராகவனுக்குக் காது சூடேறியது. தன் கடையின் ஏ.சி. அறையில் புரோகிராமைச் சோதித்தபோது இரண்டு வரியிலும் ஒரே எண்தான் வந்தது. ஒரே சேதி எதற்கு இரண்டு தடவை என்று இரண்டாவதை வெட்டிவிட்டவர் அவரேதான். மெஷினோடு வந்த புத்தகத்தில் காரணம் இருந்திருக்கும். அதைப் புரட்ட அவருக்கு நேரம் இருந்ததில்லை.

"இதை எங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். கம்ப்யூட்டர் சொல்றதை மட்டும் எடுத்துக்குங்கன்னுட்டாங்க உங்க ஆபீஸ்ல."

"சரி... அந்த வாழைத்தார்?"

"மூட்டை இறக்குறவங்களுக்குன்னு ஒருத்தர் வச்சுட்டுப் போனாரு. அதுல மேனேஜர் சார்தான் மொதல்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

வெங்கட்ராகவன் பெருமூச்சு விட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இவள் வேலை போகுமுன் நேரில் வந்து பார்த்தோமே என்று ஓர் ஆறுதல்.

"கெட்டிக்காரிம்மா நீங்க. நீங்களா கண்டுபுடிச்சீங்க?"

"நானில்ல சார். எனக்கு முன்னாடி இந்த சீட்டுல ஷமீராக்கா இருந்தாங்க. அவங்கதான் எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தாங்க."

அவர் லேப்டாப்பை மூடினார். குந்தவை இரண்டு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டாள்.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "என்ன சார், ரிப்போர்ட் எழுதிடலாமா?"

"ரெண்டு எழுதணும் சார்."

"ரெண்டா?"

"ஒண்ணு, தப்பு என் புரோகிராம்ல, இந்தம்மா மேல இல்லன்னு." வெங்கட்ராகவன் எழுந்து நின்றார். "இன்னொண்ணு, போன வருஷம் இங்க வந்து பாக்காமலே ஷமீராவைத் திருடின்னு எழுதிக் குடுத்தேனே, அதுக்கு."