பாதிப் பார்சல்

"லூக்காஸ் அண்ணே நம்ம சோத்துப் பார்சலைத் திங்கிறாரு டீச்சர்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

மாதா கோயில் அடுப்படியில் சமையலுக்கு உதவும் ஜெசிந்தினி இப்படிச் சொன்னதும் றோசாலி டீச்சருக்குச் சுருக்கென்றது.

பண்டாரவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற கையோடு டீச்சர் தொடங்கிய சேவை இது. சனிக்கிழமை தோறும் கோயிலில் சமைத்து, மேல் தேயிலைத் தோட்டத்து லயங்களில், ஒற்றை அறைக் காம்பராக்களில் தனியாக இருக்கும் வயசாளிகளுக்குப் பார்சல் அனுப்புவார்கள்.

லூக்காஸ் பழைய பஸ் டிரைவர். "சமைக்கத் தெரியாது டீச்சர், சுமக்கத் தெரியும்" என்று தானாகவே வந்து சேர்ந்தவர்.

"எங்க வச்சுத் திங்கிறாரு?"

"கந்தப்பன் தாத்தா காம்பராவுல. அவரோட பார்சலையே பாதியாப் பிரிச்சு! பாவம் டீச்சர் அந்தப் பெரியவரு."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது. கோபம் அதைவிட ஏறியது. இன்றோடு அந்த மனுசனுக்குப் பார்சல் வேலை கிடையாது. பாத்திரம் கழுவட்டும்!

ஜெசிந்தினி சொன்னது பொய்யில்லை. கந்தப்பனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, லூக்காஸ் கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் வெளியில வாங்க."

வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டே லூக்காஸ் அசடு வழிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். பெரியவரு ரோசக்காரரு. சும்மா குடுத்தா பார்சலைத் தொடவே மாட்டேங்கிறாரு. 'பசிக்குது, ஒரு வாய் போடுங்க'ன்னு நான் கேட்டாத்தான், விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி பிரிச்சு வச்சுத் தானும் சாப்பிடுறாரு."

டீச்சருக்கு முகம் தொங்கிவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே? இன்னொரு பார்சல் சேர்த்துக் குடுத்திருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லல. ஆளுக்கொரு பார்சல் இருந்தா, அவரு எனக்குப் பங்கு போட என்ன இருக்கு?"

சிரித்தபடியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த லயத்துக்கு நடந்தார் லூக்காஸ்.

இப்படிப்பட்ட மனுசனையா திட்ட வந்தோம் என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. பெரியவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார்.

கந்தப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். லூக்காஸ் போய்விட்டாரா என்று வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டிரைவர் தம்பியை ஏசிப்புடாதீங்க டீச்சரம்மா. பக்கத்துக் காம்பரா மாரியாயி எனக்கு நேரத்தோடயே வயிறு முட்டச் சோறு போட்டுருது. இந்தத் தம்பிதான் சம்சாரம் தவறிப் போனதுலருந்து வீட்டுல அடுப்பே பத்த வைக்கிறதில்ல. நான் ரோசக்காரன் மாதிரி முறுக்கிக்கிட்டு உக்காந்தாத்தான், எனக்காகவாவது ரெண்டு வாய் சாப்பிடுறாரு!"