நாலாம் பெட்டுக்கு மட்டும்

இருட்டிய பிறகு குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்குள்ளிருந்து அப்படியொரு சத்தம் வந்ததேயில்லை. மிஷின்களின் ‘பீப் பீப்’புக்கு நடுவே யாரோ தாலாட்டுப் பாடினார்கள்.

வெளியே பெஞ்சில் இருந்த நான் எழுந்துவிட்டேன்.

“கேட்டீங்களா? நாலாம் பெட் அம்மா! அவங்க மட்டும் எப்படி உள்ளே?”

“மெதுவாப் பேசு” என்றார் இவர்.

“எதுக்கு மெதுவா? நம்ம பொண்ணு மூணு நாளா ஆறாம் பெட்ல கிடக்கறா. எனக்குக் காலைல அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம். ஒரு நிமிஷம் கூட நின்னா, அந்த ஸ்டாப்வாட்ச் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறை. என்னைத் தேடித் தேடியே அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?”

ஸ்டாப்வாட்ச் என்பது இன்சார்ஜ் சிஸ்டருக்கு பெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்.

இவர் தடுக்கத் தடுக்க, புகார் நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். கான்வென்ட் கையெழுத்து, முத்து முத்தாக. ‘ஆளுக்கொரு சட்டமா?’ என்று முடித்து, அடிக்கோடும் போட்டு, பெல்லை அழுத்தினேன்.

சிஸ்டர் வந்தார். நின்றபடியே முழுதும் படித்தார்.

“நாலாம் பெட் என்ன, பெரிய இடத்துச் சிபாரிசா சிஸ்டர்?”

“இல்லம்மா.”

“அப்ப என்னையும் விடுங்க.”

“அதுக்குப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடணும்மா. எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம்னு.”

“வாங்கிக் குடுங்களேன்! என் பொண்ணுக்கு மட்டும் அம்மா வேண்டாமா?”

சிஸ்டர் உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கேக்காதீங்கம்மா அதை. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆனாத்தான் அந்தக் கையெழுத்துப் போடுவார். நாலாம் பெட்டுக்கு இன்னிக்குச் சாயங்காலம் போட்டார்.”

அவர் கையிலிருந்த புகார் நோட்டை வாங்கி மூடினேன்.

“உங்க பொண்ணு மதியத்துலேர்ந்து தானாவே மூச்சு விடறா. ரொம்ப மனசு கேக்கலைன்னா வாங்க, இன்னிக்கு ஒரு நாள் நானே விடறேன்.” கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நான் பின்னால் நகர்ந்தேன்.

“வேண்டாம் சிஸ்டர்... வேண்டவே வேண்டாம். சாத்திக்கோங்க.”

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும்வரை நான் உட்காரவில்லை.