யானைப்பாகன் கையில் இட்லிமாவு

“ச்சீ, எச்சில் பண்ணி வெச்சிருக்குதுங்க” என்று பாஸ்கரன் பேப்பரை உதறினான். குறுக்கெழுத்துக் கட்டங்களை இன்றும் யாரோ நீல மையால் நிரப்பித் தொலைத்திருந்தார்கள். இது பதினோராவது நாள்.

நிரப்பியதாவது உருப்படியாக இருக்கிறதா? யானைப்பாகன் கையில் இருப்பது, ஐந்து எழுத்து. ‘இட்லிமாவு’ என்று எழுதியிருந்தது. சேரர் துறைமுகத்துக்குத் ‘தயிர்’.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்த லைன் வீட்டில் நான்கு குடித்தனம். குழாய், மொட்டைமாடி, கழிப்பறை, பேப்பர் எல்லாமே நாலு வீட்டுக்கும் ஒன்றுதான். வீட்டுக்காரருக்கு பாஸ்கரன் மச்சான் என்பதால் பேப்பர் முதலில் அவனுக்கு. ஏன் என்று கேட்க யாருக்கும் வாயில்லை.

காலை ஐந்தரைக்குப் பேப்பர் விழும். அதையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தான் என்றால் அவனுக்கு அதுதான் சொர்க்கம். ஒரு சொல் மாட்டாமல் மண்டை காய்ந்து, சட்டென்று அது வந்து விழுந்து, அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு சொல் வரும்போது இருக்கிற சுகம் இந்த ஜென்மங்களுக்கு எங்கே தெரியும்? முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. இப்போதோ ஐந்தே நிமிடத்தில் எழுந்து வந்துவிடுகிறான்.

எதிர்வீட்டு நாராயணம்மாவைப் பார்த்தாலும் அவனுக்கு அருவருப்புதான். அவன் படித்து முடித்த பேப்பரை இரண்டு விரலால் நுனியைப் பிடித்து வாங்குவாள். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி கொடியில் வெயிலில் போட்டுவிட்டு, மத்தியானம்தான் எடுத்துப் பிரிப்பாள். படிப்பு வாசனையே இல்லாத கூட்டம் என்று நினைத்துக்கொள்வான்.

இன்று பேப்பர் ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கையை மூன்று தடவை கழுவினான்.

மறுநாள் ஐந்தேகாலுக்கே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றான். பேப்பர் விழுந்ததும் மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. முனிலட்சுமி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண், கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, மாவுக் கையோடு மளமளவென்று எழுத ஆரம்பித்தாள். கேள்விகளை அவள் படிக்கக்கூட இல்லை.

“நீதானா அது?”

முனிலட்சுமி எழுந்து நின்றாள். பேனாவை மறைக்கவில்லை.

“ஒருத்தன் ஆசையா போடறத இப்டி அசிங்கம் பண்றியே, வெக்கமா இல்ல? படிச்சவதான நீ?”

“டிப்ளமோ முடிச்சிருக்கேண்ணா.”

“அப்றம் யானைப்பாகன் கையில இட்லிமாவா இருக்கும்?”

“அங்குசம்ணா. தெரியும்.”

பாஸ்கரன் அவள் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கினான். தெரியாமல் கெடுத்தால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே கெடுக்கிறவளை என்ன செய்வது?

“ஆறேகாலுக்கு கம்பெனி பஸ்ணா. போன மாசம் ரெண்டு தடவ விட்டுட்டேன். இன்னொரு தடவ விட்டா வேலைக்கே வராதன்னு சொல்லிட்டாங்க.”

“உன் பஸ்ஸுக்கும் என் கட்டத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லக் கூசுகிறது என்று முகமே சொன்னது. அதற்குள் நாராயணம்மா கையில் வாளியோடு வெளியே வந்து, ‘சொல்லிடு’ என்பது போல அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“கட்டம் காலியா இருந்தா நீங்க கக்கூஸ விட்டு வெளியவே வர மாட்டேங்கறீங்களேண்ணா.”