நான்கு அடி

யாருடைய கல்யாணத்துக்கோ முதன்முதலாகக் கலகலத்த தன் ஓசை, தேவாலய மணியின் காதில் இன்னும் இருந்தது. இப்போதெல்லாம் துக்க மணிதான். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி அடிப்பது அந்தச் சபையின் வழக்கம். சாலமோன் உபதேசியாருக்குத் தொண்ணூற்றொரு அடி அடித்து முடித்ததும் மணி கயிற்றின்மேல் எரிந்து விழுந்தது.

“விலாவெல்லாம் நோகிறது! இந்தக் கிழங்களுக்குக் காலத்தோடு சாகத் தெரியாதா? சின்ன எண்ணிக்கையாக ஒன்று வராதா?”

“வாயை அடக்குங்கள் அண்ணே. நானும்தான் தேய்கிறேன்.”

“தேய்ந்து தொலை!”

மறுவாரம் கயிறு நான்கு முறை இழுத்துவிட்டு நின்றது.

“ஏன் நிறுத்தினாய்? இழு!”

“அவ்வளவுதான். தையற்காரர் மகள் தெபோராள்.”

“இன்னும் எண்பது இழு என்கிறேன்!”

“சின்ன எண்ணிக்கை கேட்டது யார் அண்ணே?” என்று சீறியது கயிறு.

மணிக்குத் தன் நாக்கையே பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது. “ஆண்டவரே, நான் பேசியது பாவம், மன்னியும்” என்று கதறியது.

அன்றிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் அது ஒரு ஸ்தோத்திரம் சொன்னது. தெபோராளின் தாய் அன்னபாக்கியம் எண்பத்தெட்டு வயதுவரை இருந்தாள்.